ஆயர் மேய்த்த கடல்பசு

மலாயா முழுவதும் மனிதர்களுக்கு ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த காலத்தில், கடலுக்கு ஊரடங்குச் சட்டம் போட்ட ஒரே ஆள் எங்கள் தோட்டத்து ஆயர்தான். அவர் வெளியே நில் என்றால் கடல் வெளியே நிற்கும். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் கட்டுப்படாத ஆட்கள் காட்டில் இருந்தார்கள். ஆயருக்குக் கட்டுப்படாத கடல் கோலா சிலாங்கூர் வட்டாரத்திலேயே கிடையாது. இதை எங்களுக்குச் சொன்னவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

இந்த வயதில் பழைய கதை எழுத உட்கார்ந்தால் முதல் பாராவிலேயே முதுகு பிடித்துக்கொள்கிறது. சும்மா இருந்திருப்பேன். போன மாதம் கோலா சிலாங்கூரில் ஒரு கூட்டம் போட்டார்கள். கடலோர உயிர்களைக் காப்பாற்றுவது எப்படி என்று. பழைய ஆள் என்ற ஒரே தகுதிக்காக என்னையும் கூப்பிட்டு, மின்விசிறி எட்டாத நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு பெண், கெட்டிக்காரப் பிள்ளை, திரையில் படம் படமாகக் காட்டினாள். நண்டு, நாரை, நீர்நாய் எல்லாம் போன பிறகு, உருண்டைத் தலையும் சின்னக் கண்ணும் சிரித்த வாயுமாக ஒரு பிராணி வந்தது. அது ஓங்கிலில், அதாவது டால்பினில், ஒரு வகை, ஆறு கடலில் சேரும் கலங்கல் தண்ணீரில் வாழும், வாயால் தண்ணீர் பீய்ச்சும், குட்டிக்குப் பால் கொடுக்கும், வலையில் மாட்டிச் செத்துச் செத்து அருகிக்கொண்டு வருகிறது என்றாள். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

கடைசியில் அவள் என் பக்கம் திரும்பி, "ஐயா, உங்க காலத்துல இதுங்களைக் காப்பாத்த யாராச்சும் ஏதாச்சும் செஞ்சாங்களா?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் செஞ்சாரும்மா. ஆனா அது மீனா மாடான்னு அவருக்குத் தெரியாது" என்றேன்.

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது தென்னந்தோட்டம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ரப்பர் தோட்டங்கள், அதற்கு அப்பால் காடு. நிலம் பள்ளம் என்பதால் கடல் உள்ளே வராமலிருக்க நீளமாக மண்கரை போட்டிருந்தார்கள். தோட்டத்துத் தண்ணீரெல்லாம் பெரிய கான் என்கிற அகல வாய்க்காலில் வந்து சேரும். அந்தக் கான் கரையைத் தாண்டுகிற இடத்தில் ஒரு கனத்த பலகைக் கதவு, மேலே சுற்றுவதற்கு இரும்புச் சக்கரம். கடல் ஏறும்போது கதவை இறக்க வேண்டும், இல்லையென்றால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து இளங்கன்றுகளைக் கொன்றுவிடும். கடல் வற்றும்போது தூக்க வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் தேங்கித் தோட்டம் அழுகும். இதற்கென்றே ஒரு ஆள். மலாய்க்காரர்கள் அந்தக் கதவைப் பிந்து ஆயர் என்பார்கள். பிந்து என்றால் கதவு, ஆயர் என்றால் தண்ணீர். நம் ஆட்கள் வாயில் கதவு உதிர்ந்துபோய்த் தண்ணீர் மட்டும் மிஞ்சியது. அவர் ஆயர் ஆனார். சொந்தப் பெயரைச் சம்பள நாளில் ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி வாசிப்பார், அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தமிழில் ஆயர் என்றால் மாடு மேய்க்கிறவர். இவருக்கு ஒரு கன்றுக்குட்டிகூடச் சொந்தமில்லை. கிறிஸ்தவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், கிறிஸ்தவ லயத்தில், சங்கடம் இன்னும் பெரிது. அவர்கள் ஆண்டவரை நல்லாயன் என்று ஞாயிறுதோறும் கும்பிடுகிறவர்கள். கள்ளுக்கடை வாசலில் "ஆயரே, எந்திரியும், கடல் ஏறுது" என்று யாராவது இவரை உலுக்கும்போது, அந்த வழியாகப் போகும் உபதேசியாருக்கு உடம்பு கூசும். பெயரை மாற்றச் சொல்லி அவர் ஆபீஸுக்கே வந்து முறையிட்டார். பெரிய கிராணி, "நாட்டுல எமர்ஜென்சி நடக்குது, இப்ப இதுதான் குறையா" என்று அனுப்பிவிட்டார்.

ஆயர் துறையூர்ப் பக்கத்து வறண்ட ஊர்க்காரர். கப்பலில் வந்த நாளெல்லாம் வாந்தியெடுத்துக் கண்ணை மூடிக்கொண்டே கிடந்ததால், கடலைப் பற்றி அவருடைய ஞானம் முழுக்க அந்தக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொந்தமாக யோசித்துக் கண்டுபிடித்தது. அவர் கணக்கில் கடல் ஒரு பெரிய ஏரி. அக்கரையில் சுமத்ராவில் இன்னொரு கதவுக்காரன் இருக்கிறான். அவன் திறந்தால் இங்கே தண்ணீர் ஏறும், மூடினால் வற்றும். இந்தச் சுமத்ராக்காரன் மேல் அவருக்குத் தீராத கோபம்.

"தெனமும் முக்கா மணி நேரம் லேட்டா திறக்கிறான் ஐயா. நேத்தைய நேரத்துக்கு இன்னைக்கு வர்றானா? அவன் தொரை ஒண்ணும் கேக்க மாட்டாரா?" என்பார் என்னிடம்.

நான் அப்போது சின்னக் கிராணி. பள்ளிக்கூடத்தில் நிலாவைப் பற்றிப் படித்ததை ஒருநாள் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நிலா அவ்வளவு உசரத்துல இருந்துக்கிட்டு இந்தக் கதவ எப்படிய்யா திறக்கும்?" என்றார். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. எனக்கும் அலுப்பு.

கதவுக்கு வெளியே சேற்றுவெளி. அங்கே திரிகிற உயிர்களையெல்லாம் அவர் தோட்டத்து ஆள்கணக்கில் சேர்த்திருந்தார். சேற்றில் துள்ளித் துள்ளி நடக்கிற, கண் பிதுங்கிய மீன்களுக்குக் காலையில் பெரட்டு எடுப்பார். பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஒரு மீன் எப்போதும் தள்ளி உட்கார்ந்திருக்கும். "இது சின்னக் கிராணி. வேலையும் செய்யாது, ஓடவும் ஓடாது, முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும்" என்று என்னிடமே அறிமுகப்படுத்தினார்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மலாயில் பெலாங்காஸ் என்கிற லாட நண்டுகள் கரையேறும். இரும்புத் தொப்பியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டுதான் வரும். அதை யாரும் பிடிக்க அவர் விடமாட்டார். "ஊர விட்டு ஓடி வந்த புருஷன் பொண்டாட்டி. பிரிச்சா பாவம்" என்று இரண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடுவார். அவருடைய பெண்டாட்டி ஊரிலேயே தங்கிவிட்டதாகவும், பிறகு தகவல் இல்லையென்றும் சொல்வார்கள். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவசரகாலம் வந்தது. அதைப் பற்றி வீரக்கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அது களைப்பு, அவ்வளவுதான். லயங்களைச் சுற்றி முள்கம்பி அடித்துவிட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். வேலைக்குப் போகிறவர் ஒரு பிடி சோறு வெளியே கொண்டுபோக முடியாது. காலையில் வாசலில் வரிசையாக நின்று, கையைத் தூக்கி, தடவிப் பார்க்கவிட்டு, பசியோடு போய், பசியோடு திரும்பி, மறுபடியும் நின்று, தடவிப் பார்க்கவிட்டு உள்ளே வர வேண்டும். வருஷக்கணக்கில். சந்தேகப்படுகிறவனுக்கும் அலுத்துவிட்டது, சந்தேகத்துக்கு ஆளானவனுக்கும் அலுத்துவிட்டது.

ஆயர் அதுவரை கதவுக்குப் பக்கத்தில் தனிக் குடிசையில் இருந்தவர். அவரையும் கம்பிக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் கடலுக்கு நேரங்காலம் கிடையாதே. அதனால் தோட்டத்திலேயே அவருக்கு மட்டும் ஒரு பாஸ் கொடுத்தார்கள். அதைக் காட்டி எப்போது வேண்டுமானாலும் கதவு வரை போய் வரலாம். நம் ஆட்கள் பாசு என்பார்கள். அந்தப் பாசைத் தகர டப்பிக்குள் வைத்து, டப்பியைப் பட்டாளத்துக் கழிசல் கோட்டின் உள்பையில் வைத்து, பையை ஊசியால் தைத்து வைத்திருந்தார். வாசலில் ஒவ்வொரு தடவையும் பிரித்துக் காட்டி, ஒவ்வொரு தடவையும் திரும்பத் தைப்பார். பின்னால் நிற்கிற வரிசை அவரை வாய்க்கு வந்தபடி திட்டும். உலகத்தில் அவருக்கு இருந்த சொத்து அந்தப் பாஸ்தான். அதில்லையென்றால் கம்பிக்கு உள்ளே லயம், கக்கூஸ், கள்ளுக்கடை, முடிந்தது.

ஒரு பங்குனிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம். வருஷத்திலேயே கடல் அதிகமாக ஏறுகிற சமயம். கதவை இறக்கப் போன ஆயரை வாசலில் ஒரு புதுப் பட்டாளத்துக்காரன் நிறுத்தினான். கோட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்குத் துண்டு ஒன்று இருந்தது. யாருக்கு என்று கேட்டான். "எனக்குத்தான், நான் வேற யாருக்குய்யா?" என்றார் ஆயர். அவனுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் காவல் கோப்ரல் வந்து விடுவிப்பதற்குள் கடல் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. கதவை இறக்கும்போது கானில் ஆள் உயரத்துக்கும் மேல் தண்ணீர்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "ஐயா, ராத்திரி கடல் வழியா ரெண்டு பேரு உள்ள வந்துட்டாங்க. ஒருத்தி பொம்பள. பாசு கெடையாது."

பெரிய கிராணி மேஜைக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்தபடியே கோப்ரலைக் கூப்பிடச் சொன்னார். கோப்ரல் மலாய்க்காரர், கோலாவில் மீன்பிடிக்கிற குடும்பம். தமிழ் நன்றாக வரும், தமிழ் வசை இன்னும் நன்றாக வரும். துப்பாக்கியோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கானுக்குப் போனார். நானும் போனேன். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கோப்ரல் குனிந்து பார்த்தார். உருண்டையாக ஒரு தலை மேலே வந்தது. அவர் முகத்தில் ஒரு வாய்த் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு உள்ளே போனது.

பக்கத்திலேயே அதே மாதிரி ஒரு குட்டி.

செய்தி லயம் முழுக்கப் பரவியது. எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவர், ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம், திங்கட்கிழமை சம்பந்திக்குக் கறிவிருந்து. ஆட்டுக்கு வழியில்லை, கோழிக்கு வழியில்லை, சம்பந்தி வேறு நாக்கு நீளமானவர். மண்டோர் ஒரு வாரமாகச் சோர்ந்துபோய்த் திரிந்துகொண்டிருந்தார். கானை எட்டிப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் ஊறியதை நான் பார்த்தேன்.

"எம்மாம் பெரிய மீனு. ஆண்டவனே அனுப்பிட்டான். திங்கக்கெழம வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். ஆயரே, கதவத் திறந்துடாத" என்றார்.

ஆயர் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே போய் முட்டியது. விலகியது. மறுபடி முட்டியது. வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் எழுந்தார்.

"மண்டோரே, இது மீனு இல்ல. மடியில முட்டுது பாருங்க. பால் குடிக்குது. இது பசு."

"எதுய்யா பசு?"

"இதுதான். கடல்பசு."

"பசுவுக்குக் கொம்பு எங்க?"

"கொம்ப வெச்சுக்கிட்டு நீந்த முடியுமா? தண்ணி தடுக்காது?"

"காலு?"

"நீங்க தண்ணியில எறங்கினா வேட்டிய மடிச்சுக் கட்டுறீங்கல்ல? அது கால மடிச்சு வெச்சிருக்கு."

மண்டோர் தண்ணீரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தாய் மேலே வந்து, மூச்சை 'புஸ்' என்று விட்டது. மாட்டுக்கொட்டகையில் கேட்கிற அதே பெருமூச்சு. பக்கத்தில் நின்ற மண்டோரின் பெண்சாதி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மகளுக்குக் கல்யாணத்த வெச்சுக்கிட்டு உங்களுக்கு ஏன் இந்தப் புத்தி?" என்றாள். மண்டோரின் கறிவிருந்து அங்கேயே முடிந்தது. அவர் நடந்து போனதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் கிறிஸ்தவ லயத்துப் பையன்கள் வந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. "பசுன்னா உங்களுக்குத்தான் ஆகாது. எங்களுக்கு என்ன?" கையில் பாராங் கத்தி இருந்தது. ஆயர் நேரே உபதேசியாரிடம் போனார். நான் துணைக்குப் போனேன்.

"இது உங்களுக்கு என்ன காலம் சாமி?" என்றார் ஆயர்.

"தபசு காலம்."

"இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி."

"தபசு காலத்து வெள்ளியில கறி தின்னலாமா?"

"மீன் தின்னலாம்" என்றார் உபதேசியார்.

"பால் குடுக்கிற மீன எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

உபதேசியார் பையன்களைப் பார்த்தார். அவருக்கும் பசிதான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "இன்னைக்கு ஆகாது. கத்திய உள்ள வைங்க. நாளைக்கு விடிஞ்ச பெறகு உங்க இஷ்டம்" என்றார். ஆயர் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மிச்சம் கோப்ரல். அவருடைய ஆட்களும் கானைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஆயர் அவரிடம் போய், ரகசியம் சொல்கிற மாதிரி, "துவான், அது பாபி லாவுட்" என்றார். கடல் பன்றி என்று அர்த்தம். கோப்ரல் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "ஓ, பாபி லாவுட்டா? அப்ப எங்களுக்கு ஆகாது லா" என்று சொல்லித் தம் ஆட்களைத் தள்ளி நிற்கவைத்தார். வருஷங்கள் கழித்து அவரே என்னிடம் சொன்னார். பிறந்ததிலிருந்து பார்த்த பிராணியாம். அவர் அப்பா வலையில் மாட்டினால், வலையை அறுத்து விட்டுவிடுவாராம்.

ஆக, எங்கள் கானில் ஒரே பிராணி இரண்டே நாளில் பசுவாகவும் இறைச்சியாகவும் பன்றியாகவும் இருந்தது. ஆனால் பேர் வைத்துக்கொண்டே எத்தனை நாள் காப்பாற்றுவது? கடல் வற்றும்போது கதவைத் திறந்தால் கான் வடிந்துவிடும், வெளியே வெறும் சேறு, இரண்டும் தரைதட்டிச் சாகும். அதனால் ஆயர் கதவைத் திறக்கவேயில்லை. தோட்டத்துத் தண்ணீர் போக வழியில்லாமல் கன்றுகளின் காலில் தேங்க ஆரம்பித்தது. கடல் ஏறி நிற்கும்போது திறந்தால் அவை போய்விடலாம், ஆனால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். பௌர்ணமி கழிந்துவிட்டதால் ஏற்றம் குறையத் தொடங்கிவிடும். சனிக்கிழமை விடிகாலை ஏற்றத்தை விட்டால் அவ்வளவுதான். விடிந்தால் பையன்களும் கத்தியோடு வருவார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் துரை இரும்புத் தகடு அடித்த காரில் வந்து இறங்கினார். இடுப்பில் துப்பாக்கி, கண்ணுக்குக் கீழே கருவளையம். தேங்கிய தண்ணீரைப் பார்த்தார், கானைப் பார்த்தார், அது என்ன என்று என்னைக் கேட்டார். ஆயர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "பசுன்னு சொல்லுங்க ஐயா" என்றார். இங்கிலீஷில் பசு என்றேன். துரை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ லீவு எடுத்து எவ்வளவு நாளாகிறது என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் காரில் சாய்ந்துகொண்டார். பிறகு, இந்தக் கதவு தண்ணீருக்கு மட்டுமில்லை, கடல் வழியாக ஆட்கள் உள்ளே வராமலிருக்கவும் இதுதான் கதவு, கடல் ஏறி நிற்கும்போது அது திறந்திருந்தால் நான் பட்டாளத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், முதலாளிகளுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றார். அப்படி யார் திறந்தாலும் அவருக்குக் கதவு வேலை இல்லை, பாஸும் இல்லை. எனக்கும் வருத்தம்தான் என்று சொல், அவரிடம் சொல் என்றார். போய்விட்டார்.

நான் சொன்னேன்.

"பாசு போயிருமா?"

"போயிரும் ஆயரே. அப்புறம் கம்பிக்கு வெளிய வர முடியாது. புல்வெட்டுதான், உள்ளயே. எத்தன வருஷத்துக்கோ."

"கடலப் பாக்க முடியாது."

"முடியாது."

கானில் தாய் மூச்சு விட்டது. பக்கத்தில் குட்டி விட்டது, சின்னதாக.

"பாசா பசுவான்னு கேக்கிறாரு தொரை" என்றார் ஆயர். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். கோட்டுப் பையின் தையலைப் பிரித்து, டப்பியை எடுத்து, என் கையில் வைத்தார். "நாளைக்கு ஆபீசுல குடுத்துருங்க. நான் வந்து குடுத்தா அழுதுருவேன்."

விடிகாலையில் ஊரடங்கு எடுத்ததும், பெரட்டுக்குப் போக வேண்டிய ஜனம் பாதி கான் கரையில் நின்றது. கோப்ரல் வாசலைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் கரைமுட்ட நின்றது. ஆயர் சக்கரத்தைப் பிடித்தார். அது அசையவில்லை. மூன்று நாளாகத் திறக்காத கதவு, வெளியே கடலின் கனம் வேறு. அவர் வயிறு ஒட்டி முதுகோடு கிடந்தது. இரண்டாம் முறை முயன்றபோது கால் சறுக்கி விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண்டோர் வந்தார். மறுநாள் மகள் கல்யாணம், கையில் காப்பு கட்டியிருந்தார். "பசுன்னு சொல்லித் தொலைச்சுட்ட. செத்தா அந்தப் பாவம் எம்மக தலையிலதான விடியும்? தள்ளுய்யா" என்று சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் சுற்றினார்கள். பலகை முனகிக்கொண்டு மேலே ஏறியது, உப்புத் தண்ணீர் நுரையோடு உள்ளே பாய்ந்தது.

அவை போகவில்லை. பாய்ச்சலுக்குப் பயந்து கானின் உள்மூலைக்கு ஒதுங்கிவிட்டன. பையன்கள் கத்தியோடு வந்து நின்றார்கள், உபதேசியாரும் வந்தார். ஆயர் கரையோரமாக உள்ளே நடந்து, அவற்றுக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். துண்டை அவிழ்த்துத் தண்ணீரில் மெல்லத் தட்டினார். "ஹை... ஹை... போம்மா, வீட்டுக்குப் போ" என்றார். துறையூரில் சின்ன வயதில் மாடு ஓட்டிய குரலாக இருக்கும். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் சமமாகி, பாய்ச்சல் நின்றது. தாய் நகர்ந்தது. குட்டி அதன் விலாவை ஒட்டிக்கொண்டு போனது. பெண்கள் குலவையிட்டார்கள். கதவுக்கு அடியில் இரண்டு முதுகு தெரிந்தது, பிறகு வெளியே தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

உபதேசியார் என் பக்கத்தில் நின்றிருந்தார். "பேரு சரியாத்தான் வெச்சிருக்கானுங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

துரை சொன்னதைச் செய்தார். பல கன்றுகள் மஞ்சளித்துச் செத்தன. கதவுக்கு வேறு ஆள் வந்தான், ஒழுங்கானவன். மண்டோர் வீட்டு விருந்தில் பூசணிக்காய்க் கூட்டுத்தான். சம்பந்தி சொல்லக்கூடாததெல்லாம் சொன்னார். ஆனாலும் முதல் பந்தியில் ஆயரைத் தம் பக்கத்தில் உட்காரவைத்தது மண்டோர்தான். ஆயர் கம்பிக்குள் புல் வெட்டினார். சில நேரம் வெட்டுவதை நிறுத்தி, காற்றை மோந்து, "இப்ப ஏறியிருக்கும்" என்பார். அப்புறம் குனிந்துகொள்வார். வருஷங்கள் போயின. அவர் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை.

ஒருவழியாக எங்கள் பகுதியில் ஆபத்தில்லை என்று சொல்லிக் கம்பியைப் பிடுங்கினார்கள். அன்று சாயங்காலம் ஆயர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கண் இரண்டிலும் புரை விழுந்து வெள்ளையாகியிருந்தது. "கடல் வரைக்கும் வர்றீங்களா ஐயா? தனியாப் போனா கானுல விழுந்துருவேன்" என்றார். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மண்கரையில் உட்கார்ந்தோம். கடல் ஏறி நின்றது. வெயில் தாழ்ந்து தண்ணீரெல்லாம் பளபளப்பு. அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏதாச்சும் தெரியுதா ஐயா?"

தூரத்தில் இரண்டு தென்னைமட்டைகள் மிதந்து வந்தன. வேறு ஒன்றும் இல்லை.

"தெரியுது ஆயரே. ரெண்டும் தெரியுது."

"கன்னுக்குட்டி?"

"பெருசாயிருச்சு. தாய் அளவுக்கு இருக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "உங்களுக்குப் பொய் சொல்ல வராது ஐயா" என்றார். என் கையை விடவில்லை. "பரவால்ல. இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னேன். அவர் கேட்டிருந்தால் இருட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.